விடுதி முகவரி

ஆகஸ்ட் 5, திங்கள்

இந்த வருடத்துக்குள் விசா முடிகிறவர்களின் பட்டியலை எடுத்தேன். முப்பத்தொரு பேரில் ஏழு பேர். முதலில் வருவது நீமா ஜோசப் மஸாவே. தான்சானியா, பி.எஸ்சி. பயோடெக்னாலஜி, இறுதியாண்டு. செப்டம்பர் 20-இல் முடிகிறது. நாற்பத்தாறு நாள் இருக்கிறது, தாராளம்.

கல்லூரியில் எங்கள் பிரிவை ‘ஃபாரின் செக்‌ஷன்’ என்பார்கள். கேட்கிறவர்கள் ஏதோ விமான நிலையம் என்று நினைத்துக்கொள்ளலாம். மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, இரண்டு மேசை, ஒரு பிரின்டர், நான், ஜெசிந்தா. வெளிநாட்டுப் பிள்ளைகளின் பாஸ்போர்ட், முகவரி, வருகைப்பதிவு எல்லாவற்றையும் அரசாங்கத்தின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஏதாவது மாறினால் உடனே திருத்த வேண்டும். நாங்கள் தப்பு செய்தால் கல்லூரிக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும், பிள்ளைக்கு நாட்டை விட்டுப் போகச் சொல்லி ஒரு கடிதம் வரும். ஆறு வருடமாக இந்தப் பிரிவின் மேல் ஓர் ஆட்சேபணைகூட வந்ததில்லை. அதற்காகக் கல்லூரியை நடத்தும் அறக்கட்டளை எனக்குக் கொடுத்த பாராட்டுச் சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. மாட்டியது ஜெசிந்தா. மாட்டச் சொன்னது நான்.

டோனர் தீர்ந்துவிட்டது என்றாள் ஜெசிந்தா. போன வாரமும் இதையேதான் சொன்னாள்.

வீட்டில் சிறுவாணித் தண்ணீர் வரவேண்டிய நாள். வரவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

நீமா வந்தாள். மற்ற பிள்ளைகள் என் அறைக்குள் வரும்போது முகத்தில் ஒரு கலவரம் இருக்கும். இவள் மட்டும் சொந்தக்காரர் வீட்டுக்கு வருகிற மாதிரி வருவாள். இரண்டு வருடத்தில் இந்த ஊர்த் தமிழைப் பிடித்துக்கொண்டாள். எனக்கே இப்போது வராத இழுவை அவளுக்கு வருகிறது.

“ஏனுங் மேடம், சாப்ட்டீங்ளா?”

“ஆச்சும்மா. ஒரிஜினல் எல்லாம் கொண்டு வந்தியா?”

எல்லாம் கொண்டு வந்திருந்தாள், வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் சின்னச் சீட்டு ஒட்டி. இப்படி எல்லோரும் இருந்தால் எனக்கு வேலையே இல்லை.

“விலாசம் என்னன்னு போடறதுங் மேடம்? நான் கிட்டம்மா அக்கா வூட்டுலதானுங்க இருக்கறேன்.”

“ஹாஸ்டல்னே போடும்மா. ஒண்ணும் ஆகாது.”

“ஜூன்லயும் இதேதான் கேட்டேனுங்.”

“அப்பவும் இதேதான சொன்னேன்?”

சிரித்துவிட்டு எழுதினாள்.

வெளியே வீடெடுத்துத் தங்கும் பிள்ளைகளுக்கும் விடுதி முகவரியே போடுவது இந்த அலுவலகத்தின் வழக்கம். நான் பொறுப்பேற்பதற்கு முன்பிருந்தே உள்ளது. வெளிநாட்டவர் ஒருவர் குடிவந்தால் வீட்டுக்காரர் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும். வீட்டுக்காரர்கள் போலீஸ் என்ற சொல்லைக் கேட்டாலே பின்வாங்குகிறார்கள். பதியச் சொன்னால் வீடு கிடைக்காது. விடுதியையோ தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கோடைக்கும் பூட்டிவிடுவார்கள். ஊருக்குப் போக முடியாத பிள்ளைகள் எங்கே போவார்கள்? எல்லோருக்கும் வசதியான ஏற்பாடு இது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

நீமாவின் நீட்டிப்பு விண்ணப்பம், கல்லூரிச் சான்றிதழுடன் ஏற்றப்பட்டது. காலை 11.20. ஒப்புகை வந்தது.

ஆகஸ்ட் 12, திங்கள்

தண்ணீர் வந்தது, பத்து நாளுக்கு அப்புறம். டிரம், குடம், குக்கர் உட்பட எல்லாவற்றிலும் பிடித்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. அவர் பேப்பர் படித்தபடி, “என்னைக் கூப்பிட்டிருக்கலாமே” என்றார். முப்பது வருடமாக இதைச் சொல்கிறார்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம். ஆளுக்கொரு லட்டு. முதல்வர் கோதண்டபாணி நாற்பது நிமிடம் பேசினார். நம் கல்லூரியில் ஒன்பது நாடுகளின் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றபோது எங்கள் பக்கம் கைகாட்டினார். எட்டு நாடுகள்தான்.

ஆகஸ்ட் 21, புதன்

விடுப்பு. பொள்ளாச்சியில் அக்கா பேத்திக்குக் காதுகுத்து. கூட்டம். பந்தியில் பருப்பு நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 22, வியாழன்

நேற்று நான் இல்லாதபோது விசாரணைக்கு ஆள் வந்திருக்கிறார்.

விசா நீட்டிப்புக்கு முன் போலீசிலிருந்து ஒருவர் வந்து, பிள்ளை சொன்ன முகவரியில் இருக்கிறதா என்று பார்த்து அறிக்கை அனுப்ப வேண்டும். இதுவரை இருந்த ஏட்டு நேராக என் அறைக்கு வருவார். நான் பிள்ளையை வகுப்பிலிருந்து வரவழைப்பேன். முகத்தைப் பார்ப்பார், பாஸ்போர்ட்டைப் பார்ப்பார், கையெழுத்து வாங்குவார், டீ குடித்துவிட்டுப் போவார். விடுதிப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அவருக்கு மாற்றல் ஆகிவிட்டது எனக்குத் தெரியாது. புதிதாக வந்த மயில்சாமி என்கிற ஏட்டு, காகிதத்தில் விடுதி என்று இருந்ததால் விடுதிக்கே போயிருக்கிறார்.

வார்டன் உண்மையைச் சொல்லிவிட்டார். “அந்தப் பொண்ணு ஜூன்லயே காலி பண்ணீருச்சுங்களே” என்று.

மயில்சாமியைப் போனில் பிடித்தேன். “நீங்க ஆபீசுக்கு வந்திருக்கலாமே சார்” என்றேன்.

“வெரிஃபிகேசன் வூட்டுக்குத்தானுங் மேடம், ஆபீசுக்கு இல்லீங்ளே. ரிப்போர்ட் நேத்தே அனுப்பீட்டனுங்” என்றார். குரலில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

நான் ஒரு நாள் பொள்ளாச்சிக்குப் போனதுதான் காரணம்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

இணையதளத்தில் நீமாவின் விண்ணப்பத்துக்கு எதிரே ஆட்சேபணை. ‘விண்ணப்பதாரர் தெரிவித்த முகவரியில் வசிக்கவில்லை. விளக்கம் தேவை.’ ஏழு நாள் கெடு. பொய்யான முகவரி கொடுத்ததாக முடிவானால் நீட்டிப்பு கிடையாது. செப்டம்பர் 20-க்குள் அவள் விமானம் ஏற வேண்டும். நவம்பரில் ஐந்தாம் செமஸ்டர் பரீட்சை. பட்டத்துக்கு இன்னும் இரண்டு செமஸ்டர்.

முதல்வரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார். எப்போதும் மாட்டிக்கொண்டு படிப்பவர்.

“காலேஜ் என்ன பண்ணும் சாந்தாமணி? பொண்ணு சொல்லாம கொள்ளாம வெளிய போயிருக்கா.”

அவர் நீட்டிய தாளைக் கோப்பில் வைத்தேன்.

“நவம்பர்ல ஃபாரின் அட்மிஷன் பெர்மிஷன் ரினியூவலுக்கு வருது. இந்த நேரத்துல நம்ம பேர் வரக்கூடாது. அவகிட்ட ஒரு லெட்டர் வாங்கிருங்க. காலேஜுக்குத் தெரிவிக்காம நானே மாறிட்டேன், மன்னிச்சுக்கங்கன்னு. சின்னப் பொண்ணு, வார்ன் பண்ணி விட்டுருவாங்க.”

விட்டுவிடுவார்கள் என்றுதான் எனக்கும் தோன்றியது. வீடு மாறுவதாக அவள் எழுத்தில் எதுவும் தரவில்லை என்பதும் உண்மை.

ஆகஸ்ட் 28, புதன்

கடிதத்தை நானே தயாரித்தேன். ஆங்கிலத்தில், ஒரே பக்கம். கல்லூரிக்கு அறிவிக்காமல் விடுதியை விட்டு வெளியேறியது என் தவறு, முகவரியை மறைத்ததற்கு வருந்துகிறேன், கல்லூரிக்கு இதில் பங்கில்லை. கடிதம் எழுதுவதில் எனக்கு இந்தக் கல்லூரியில் நல்ல பெயர் உண்டு. முதல்வரே தன் கடிதங்களை என்னிடம் காட்டித்தான் அனுப்புவார்.

மூன்றரை மணிக்கு நீமா வந்தாள். லேபிலிருந்து நேராக, வெள்ளைக் கோட்டோடு. ஆட்சேபணையைச் சொன்னேன். பயந்துவிட்டாள்.

“நான் உங்ககிட்ட சொன்னேன்ல மேடம்?”

“நீ சொன்னது சரிதாம்மா. ஆனா ஆபீஸ் ரெக்கார்டுல இல்ல. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டா சீக்கிரம் முடிஞ்சிரும்.”

“இதப் போட்டா விசா வந்துருங்ளா?”

“வந்துரும்.”

“நீங்க சொன்னாச் சரிதானுங்.”

படிக்காமலே போட்டாள். கையெழுத்து அழகாக இருந்தது. ஜெசிந்தா எழுந்து வெளியே போய்விட்டாள். டோனர் வாங்கப் போனதாகப் பிறகு சொன்னாள்.

ஆகஸ்ட் 29, வியாழன்

கடிதம் ஏற்றப்பட்டது. கேஸ் சிலிண்டர் வந்தது.

செப்டம்பர் 3, செவ்வாய்

பதில் வந்துவிட்டது. நான் எதிர்பார்த்த பதில் இல்லை.

‘விண்ணப்பதாரர் முகவரியை மறைத்ததை எழுத்துமூலம் ஒப்புக்கொண்டுள்ளார். நீட்டிப்பை ஏன் நிராகரிக்கக் கூடாது என்பதற்கு, கல்லூரிப் பிரதிநிதியுடன் செப்டம்பர் 12 அன்று நேரில் வந்து விளக்கமளிக்க வேண்டும்.’

அந்தக் கடிதம் இல்லாமல் இருந்திருந்தால் இது வெறும் முகவரிக் குழப்பம். இப்போது ஒப்புதல் வாக்குமூலம். எழுதும்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 4, புதன்

நீமாவிடம் சொன்னேன். நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே கேட்டாள். கடிதத்தின் நகலைக் கேட்டாள். கொடுத்தேன். இப்போதுதான் முதல்முறையாகப் படித்தாள்.

“மறைச்சேன்னு எழுதியிருக்குதுங்.”

“ஆமா.”

“நான் யாருகிட்டங் மறைச்சேன்?”

ஹியரிங்குக்கு நானும் வருவேன், பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

“எங்கப்பா லாரி ஓட்டறாருங். நான் பாஸ் பண்ணீட்டு ஆஸ்பத்திரி லேப்ல வேலைக்கு வருவேன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கறாரு. இப்ப நான் போய் நின்னா என்னன்னுங் சொல்றது?”

அழவில்லை. அழுதிருந்தால் நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்திருப்பேன். எனக்கும் ஒரு வேலை இருந்திருக்கும்.

செப்டம்பர் 5, வியாழன்

மதியம் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு கிட்டம்மாள் வீட்டுக்குப் போனேன். கல்லூரிக்குப் பின்பக்கம் மூன்றாவது வீதி. கீழே தையல்கடை, மேலே நீமாவின் அறை. இப்போதாவது இணையத்தில் பதிந்துவிட்டால் ஹியரிங்கில் காட்டலாம். மறுப்பார், கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

ஐம்பது வயதிருக்கும். தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டைக் கீழே வைக்காமலே என்னைப் பார்த்தார்.

“வாங்கம்மிணி. உக்காருங்க. நீமாக்கண்ணு ரெண்டு நாளாச் சோறு திங்கறதில்லீங்.”

வந்த விஷயத்தைச் சொன்னேன். போலீஸ் தொந்தரவெல்லாம் வராது, நானே கூட இருந்து பதிந்து தருகிறேன் என்று ஆரம்பித்தேன். அவர் மெஷினை நிறுத்தினார்.

“பதியறக்கு என்னங்? அதக் கேக்கத்தான ஜூன் மாசம் உங்க ஆபீசுக்கு வந்தேன். வெளிநாட்டுப் புள்ளைய வச்சா பாரம் எழுதிக் குடுக்கோணும்னு எங்க தம்பி சொன்னான்னு. நீங்கதானுங்க, ‘அதெல்லாம் வேண்டாம், ஹாஸ்டல் பேர்லயே இருக்கட்டும், போங்க’ன்னு சொல்லி உட்டுட்டீங்க.”

“எனக்கு ஞாபகம் இல்லீங்க” என்றேன்.

“அது செரி. ஒரு நாளைக்கு எத்தனை பேரு வருவாங்க போவாங்க” என்றார். உண்மையாகவே எனக்காகச் சமாதானம் சொன்னார். மோர் கொடுத்தார்.

அங்கேயே என் கைபேசியில் பதிந்தோம். பதினைந்து நிமிடம். அவர் ஆதார் அட்டையை எடுத்து வந்தார், போட்டோவுக்குத் தலையைக் கோதிக்கொண்டார். பயந்த மாதிரியே தெரியவில்லை.

ஞாபகம் இல்லை என்று சொன்னேன். இருந்தது. பச்சைக் கட்டம் போட்ட பையோடு வந்திருந்தார். மதிய நேரம், நான் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தேன். எழுந்திருக்கச் சோம்பலாக இருந்தது.

செப்டம்பர் 6, வெள்ளி

ஆகஸ்ட் 8-இல் எழுதியதைத் திருப்பிப் படித்தேன். ‘நான் பொறுப்பேற்பதற்கு முன்பிருந்தே உள்ளது’ என்று இருக்கிறது. அது பொய். நாட்குறிப்பில்கூடப் பொய் எழுதியிருக்கிறேன். யார் படிக்கப்போகிறார்கள் என்று தெரியவில்லை.

ஆரம்பித்தது நான்தான். 2018-இல் ஒரு பிள்ளை வீடு மாறியதைப் பதிய நான்கு நாள் தாமதமாயிற்று. கல்லூரிக்கு விளக்கக் கடிதம் வந்தது, பழைய முதல்வர் எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டினார். அதற்கப்புறம் முகவரி மாற்றம் என்ற வேலையையே இல்லாமல் ஆக்கிவிட்டேன். யார் எங்கே போனாலும் விடுதி. ஏட்டை என் அறையிலேயே உட்காரவைத்து அனுப்பப் பழக்கியதும் நான்தான். ஆறு வருடமாக ஆட்சேபணை வராததன் ரகசியம் இது. சான்றிதழ் கிடைத்ததும் இதற்குத்தான்.

வீட்டுக்காரர்கள் பயப்படுகிறார்கள் என்று எழுதியிருக்கிறேன். ஆறு வருடத்தில் ஒரு வீட்டுக்காரரிடம்கூட நான் போய்க் கேட்டதில்லை.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதை எழுதிவிட்டதால் குறையவில்லை.

ஜெசிந்தாவிடம் கணக்கெடுக்கச் சொன்னேன். வெளியே தங்கியிருப்பவர்கள் நீமாவோடு சேர்த்துப் பதினான்கு பேர். நீமாவுக்காக நான் போய் உண்மையைச் சொன்னால், அடுத்த கேள்வி ‘மற்றவர்கள்?’ என்றுதான் வரும். பதின்மூன்று பேரின் பதிவும் பொய்யென்று ஆகும். சொல்லாவிட்டால் ஒருத்தி மட்டும் போவாள். இப்படி ஒரு கணக்கை மதியம் முழுக்கப் போட்டுக்கொண்டிருந்தேன். இந்தக் கணக்கில் என் வேலையும் இருக்கிறது என்பதை மாலையில்தான் கவனித்தேன்.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை. பூரணம் கொஞ்சம் இளகிவிட்டது. மதியம் பதின்மூன்று பேருக்கும் போன் செய்து வீட்டு விலாசம் வாங்கினேன். எதற்கென்று ஒரு பையன்கூடக் கேட்கவில்லை. நான் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள்.

செப்டம்பர் 9, திங்கள்

ஜெசிந்தாவின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து ஐந்து வீடு. மூன்று பேர் அங்கேயே பதிந்தார்கள். ஒருவர் மகனைக் கேட்க வேண்டும் என்றார். ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டார், அது வாலை ஆட்டிக்கொண்டு வந்து ஜெசிந்தாவின் செருப்பை மோந்தது.

“மேடம், நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்” என்றாள் ஜெசிந்தா வண்டியோட்டிக்கொண்டே.

“என்னன்னு?”

“அந்த லெட்டர்ல கையெழுத்து வாங்காதீங்கன்னு.”

“சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேன்.”

“அதுக்குத்தான் சொல்லலை” என்றாள். அவளுடைய சம்பள உயர்வுக்குக் குறிப்பு எழுதுவது நான்.

செப்டம்பர் 10, செவ்வாய்

எட்டு வீடு, ஆறு பதிவு. மகனைக் கேட்கப் போனவர் திரும்பக் கூப்பிட்டுப் பதிந்தார். ஆக மொத்தம் பத்து. பதியாத மூன்று பேரையும் விடுதிக்கே திரும்ப வரச் சொல்லிவிட்டேன். விடுமுறைக்குப் பூட்டக் கூடாது என்று வார்டனிடம் சண்டை போட்டேன். அவர் முதல்வரைக் கேளுங்கள் என்றார்.

செப்டம்பர் 11, புதன்

முதல்வரிடம் போய், நாளை என்ன சொல்லப்போகிறேன் என்பதைச் சொன்னேன்.

“உங்களுக்கு என்ன ஆச்சும்மா? ரிட்டையர்மென்ட்டுக்கு ஒன்றரை வருஷம் இருக்கு.”

“தெரியும் சார்.”

“நீங்க போக வேண்டாம். நான் லீகல் அட்வைசரை அனுப்பறேன்.”

“காலேஜ் பிரதிநிதின்னு போர்ட்டல்ல என் பேர்தான் சார் இருக்கு. மாத்தறதுக்கு மூணு வேலை நாள் ஆகும்.”

இதைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. மறைக்க வேண்டியதில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் காலை பத்தரைக்குக் கூப்பிட்டார்கள். நீமா தலைமுடியை இறுக்கிக் கட்டி, புதுச் சுடிதார் போட்டிருந்தாள். கிட்டம்மாள் தைத்தது. கிட்டம்மாளும் வந்திருந்தார், வரச் சொல்லாமலே. அவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள்.

அதிகாரி ஒரு பெண், என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். மேசையில் ஒன்றும் இல்லை, நீமாவின் கோப்பு தவிர. கடிதத்தை எடுத்து நீமாவிடம் காட்டினார்.

“இது உங்க கையெழுத்தா?”

“ஆமாங் மேடம்.”

அவள் தமிழில் பதில் சொன்னதும் அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

“காலேஜுக்குச் சொல்லாம வீடு மாறினீங்களா?”

நீமா என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்லச் சொல்வேனோ அதைச் சொல்லலாம் என்றுதான் அப்போதும் பார்த்தாள். அதைத் தாங்க முடியவில்லை.

“கையெழுத்து அவளோடதுங்க. கடிதம் நான் எழுதினது” என்றேன்.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜூனில் அவள் கேட்டது, நான் சொன்னது, கிட்டம்மாள் வந்தது, நான் திருப்பி அனுப்பியது, 2018, பதினான்கு பேர். பத்து வீடுகளின் பதிவு ரசீதையும் வைத்தேன். பதினொன்றாவதாகக் கிட்டம்மாளுடையது. நான் நிறுத்தியதும் அதிகாரி ரசீதுகளைப் புரட்டினார்.

“தெரிஞ்சே செஞ்சீங்களா?”

“தெரிஞ்சேதான்.”

“எழுதிக் கொடுங்க.”

அங்கேயே எழுதினேன், இரண்டரைப் பக்கம். என் வாழ்க்கையில் எழுதிய மோசமான கடிதம் அதுதான். மூன்று இடத்தில் அடித்துத் திருத்தியிருந்தேன்.

வெளியே வந்ததும் கிட்டம்மாள், “என்னாச்சுங்க?” என்றார். தெரியவில்லை என்றேன். நீமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். நான் ஆட்டோவில் வந்தேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

மெமோ வந்தது. பதினைந்து நாளுக்குள் விளக்கம். வரும் 23-ஆம் தேதி முதல் எனக்கு நூலக ஸ்டோர் பொறுப்பு. ஃபாரின் செக்‌ஷனை ஜெசிந்தா கவனிப்பாள். சான்றிதழை நானே கழற்றினேன். சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது, நாள்காட்டி மாட்டிக்கொள்வாள்.

வீட்டில் அவரிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “இதுக்காவது என்னைக் கூப்பிட்டிருக்கலாமே” என்றார். இந்த முறை அவர் சொன்னது நியாயம்.

செப்டம்பர் 17, செவ்வாய்

மிலாது நபி விடுமுறை. இன்னும் மூன்று நாள். வீட்டிலிருந்தே நான்கு முறை இணையதளத்தைத் திறந்து பார்த்தேன். ‘பரிசீலனையில்’ என்றே இருந்தது.

செப்டம்பர் 19, வியாழன்

பரிசீலனையில். நீமா ஒரு பெட்டி கட்டி வைத்துவிட்டாள் என்று ஜெசிந்தா சொன்னாள்.

செப்டம்பர் 20, வெள்ளி

மாலை 4.10-க்கு வந்தது. நீட்டிப்பு வழங்கப்பட்டது. படிப்பு முடியும் வரை, அடுத்த மே 31.

நீமாவைக் கூப்பிட்டேன். ஓடி வந்தாள். திரையை அவள் பக்கம் திருப்பினேன். மேலிருந்து கீழே வரிவரியாகப் படித்தாள். இப்போதெல்லாம் அப்படித்தான் படிக்கிறாள். கீழே வந்ததும் நின்றாள்.

குறிப்பு என்ற இடத்தில் இரண்டு வரி இருந்தது. ‘முகவரியை மறைத்ததாக விண்ணப்பதாரர் 28.08 அன்று எழுத்துமூலம் ஒப்புக்கொண்டார். கல்லூரிப் பிரதிநிதி 12.09 அன்று மாறான வாக்குமூலம் அளித்தார்.’

“முதல் வரிய எடுக்க முடியாதுங்ளா?”

“முடியாதும்மா. ஏறினது ஏறினதுதான். கீழ சேர்க்கத்தான் முடியும்.”

“நாளைக்கு மேல்படிப்புக்கு வேற நாட்டுக்கு அப்ளை பண்ணுனா, ‘நீ எப்பவாவது விசா விதிய மீறியிருக்கியா’ன்னு அப்ளிகேசன் பாரத்துல கேப்பாங்கல்ல?”

“கேப்பாங்க.”

“அதுல நான் என்னன்னுங் எழுதறது?”

இந்தப் பொறுப்புக்கு வந்த பதினோரு வருடமாக இந்த மாதிரிக் கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்லியிருக்கிறேன். இன்று யோசித்தேன். ‘இல்லை’ என்று எழுதலாம், அதுதான் உண்மை, ஆனால் பதிவில் அவளுடைய ஒப்புதல் இருக்கிறது. நடந்ததை விளக்கிக் கல்லூரிப் பொறுப்பாளரின் கடிதம் ஒன்றை இணைத்தால் நம்புவார்கள் என்றேன். இன்றுவரைதான் நான் பொறுப்பாளர்.

“அப்ப எழுதிக் குடுங் மேடம். இப்பவே.”

உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். அரைப் பக்கம். அச்செடுத்து, பேனாவைத் திறந்தபோது அவள் கை நீட்டினாள்.

“கையெழுத்துக்கு முன்னால ஒருக்காப் படிக்கறேனுங்.”

ஜன்னல் பக்கம் போய் நின்று படித்தாள். திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். பிறகு தாளை என் முன்னால் வைத்து மூன்றாவது வரியில் விரலை வைத்தாள். மேற்படி முகவரி கவனக்குறைவால் தவறாகப் பதியப்பட்டது என்று எழுதியிருந்தேன்.

“இது எதுக்குங் மேடம்? கவனக்குறைவுன்னு?”

“ஆபீஸ் லெட்டர்ல வழக்கமா அப்படித்தான் போடுவோம்.”

“நீங்க தெரிஞ்சுதானுங் பண்ணுனீங்க.”

அவள் குரலை உயர்த்தவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. ஜெசிந்தா தலையைத் தூக்காமல் ஏதோ கோப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, ‘தெரிந்தே’ என்று மாற்றினேன். மறுபடி அச்செடுத்தேன். அதையும் முழுதாகப் படித்தாள். “இப்பப் போடுங்” என்றாள். போட்டேன், தேதியும் முத்திரையும் வைத்தேன். அவள் அதைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, “வரேனுங் மேடம்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஐந்து மணிக்கு முத்திரையையும் சாவியையும் ஜெசிந்தாவிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன்.